பியற்றிஸ் அக்கா சுப்பவைசரான நாள்

அந்தக் கவுன்சில் கட்டடத்தில் எத்தனை கக்கூஸ் இருந்தன என்று கவுன்சில்காரருக்கே சரியாகத் தெரியாது. பியற்றிஸ் அக்காவுக்குத் தெரியும். அறுபத்தெட்டு. எதில் தண்ணீர் நிற்காமல் ஓடும், எதன் கதவை உள்ளிருந்து பூட்டினால் பிறகு திறக்காது, எந்த மாடி அதிகாரிகள் பட்டம் பெற்றவர்களாயிருந்தும் தரையை நாறடித்துவிட்டுப் போவார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஐந்து வருடம் அந்தக் கட்டடத்தின் துப்புரவை உண்மையில் நடத்தியவர் அவர்தான். ஆனால் அவர் சுப்பவைசராக இருந்தது ஒரே ஒரு நாள். சரியாகச் சொன்னால் காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றே கால் வரை.

இதை எழுதுகிற எனக்கு இந்தக் கதையில் பெருமைப்பட ஒன்றுமில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி வழியில் என்னை நல்லவன் என்று நினைத்து யாரும் ஏமாறவேண்டாம்.

அக்கா மன்னார்ப் பக்கம். மன்னார் ஆஸ்பத்திரியில் சலவைப் பகுதியைப் பொறுப்பாகப் பார்த்தவர். அவருக்குக் கீழே பதினொரு பேர். எண்பத்து மூன்றின் முடிவில் கணவர் பெனடிக்ற்றோடு லண்டன் வந்து, வெம்பிளியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் ஓர் அறை எடுத்தார்கள். பெனடிக்ற் அண்ணைக்குப் பெற்றோல் செட்டில் இரவு வேலை. அக்காவுக்கு விடிய ஐந்து மணிக்குத் துப்புரவு வேலை. ஒரே கட்டிலில் முறைவைத்துப் படுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத்தான் இருவரும் ஒன்றாக வெளியே போவார்கள். அதிலும் அண்ணை பிரசங்க நேரத்தில் தூங்கிவிடுவார் என்று அக்கா குறைப்பட்டுக்கொள்வார்.

உள்ளூராட்சிக் கவுன்சிலின் அந்த ஆறு மாடிக் கட்டடத்தைத் துப்புரவாக்கும் கொந்தராத்து பெல்விக் என்ற கம்பனியிடம் இருந்தது. மனேஜர் ஹாலம். சுப்பவைசர் டெரி என்று ஒரு வெள்ளைக்காரன். டெரியைக் கெட்டவன் என்று சொல்லமாட்டேன். கெட்டவனாக இருப்பதற்கும் கொஞ்சம் உழைப்பு வேண்டும். அவன் காலையில் வந்து நிலவறையில் கொதிகலனுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு பேப்பர் வாசிப்பான். யார் எந்த மாடி, யாருக்கு லீவு, எந்தக் கழுவும் மருந்து முடிந்துவிட்டது என்பதையெல்லாம் அக்கா ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதிவைத்து நடத்துவார். வெள்ளிக்கிழமை அந்தக் கொப்பியைப் பார்த்து டெரி தன் கையெழுத்தில் ஒரு தாளை நிரப்பி அனுப்புவான். சம்பளமும் பெயரும் டெரிக்கு.

நான் கனகலிங்கம். எண்பத்தைந்து தை மாதம் வந்து சேர்ந்தவன். என் அகதி வழக்கு குரோய்டனில் குடிவரவு அலுவலகத்தின் அந்தப் பெரிய கட்டடத்தில் ஏதோ ஓர் அலுமாரிக்குள் கிடந்தது. வேலை செய்ய அனுமதி இல்லை. ஆனால் வயிற்றுக்கு அது தெரியாதே. என் சின்னம்மாவின் மகன் யோகராஜா ஜெர்மனிக்குப் போகும்போது, வேலைக்குச் சேரத் தேவையான தன் இன்சூரன்ஸ் நம்பரை எனக்கு விட்டுவிட்டுப் போனான். அந்த நம்பரில், யோகராஜாவாக, நான் பெல்விக்கில் சேர்ந்தேன். எங்கள் ஆட்களுக்குள் இது சாதாரணமான உதவி. ஊரில் சைக்கிள் இரவல் கொடுப்பார்கள், இங்கே பெயரை இரவல் கொடுத்தார்கள். அந்தக் கட்டடத்தில் துடைத்த பதினான்கு தமிழரில் ஏழு பேர் இப்படி வேறு ஒருவராகத்தான் துடைத்துக்கொண்டிருந்தோம். ஹாலமுக்கு அது தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பது அவனுக்கும் வசதியாக இருந்தது. சம்பளம் கூட்டிக் கேட்கமாட்டோம் அல்லவா?

அந்த நாட்களில் லண்டனில் சில கவுன்சில்களுக்கு ஒரு நல்ல புத்தி வந்திருந்தது. மக்கள் காசில் கொந்தராத்து எடுக்கிறவன் கறுப்பர், ஆசியர், பெண்கள் என்று ஆளைப் பார்த்து ஒதுக்கக்கூடாது, ஒதுக்கினால் கொந்தராத்து கிடையாது என்றார்கள். அதற்கென்றே தனிப் பிரிவு, தனிப் படிவம். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், என்ன இனம், ஆணா பெண்ணா, சுப்பவைசர்கள் யார், அவர்களை எப்படித் தெரிந்தெடுத்தீர்கள். நல்ல மனதோடுதான் கேட்டார்கள். எனக்கு இன்றைக்கும் அதில் சந்தேகமில்லை. பெல்விக் கம்பனியும் நிரப்பி அனுப்பியது. துடைக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நிறத்தவர். சுப்பவைசர்கள் மூன்று பேர், மூன்று பேரும் வெள்ளை, மூன்று பேரும் ஆண். கவுன்சில் இதற்கு விளக்கம் கேட்டது. விளக்கம் திருப்தியில்லை என்று ஒரு அதிகாரியே நேரில் வருவதாகக் கடிதம் வந்தது.

எண்பத்தைந்து ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு, அதற்கு முன் அந்த நேரத்தில் யாரும் கண்டிராத ஹாலம் நிலவறைக்கு வந்தான். கையில் டெரியின் நீலக் கோட்டு. சுப்பவைசர் என்று பொறித்த பட்டை அதில் இருந்தது. தமிழர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, என்னை மொழிபெயர்க்கச் சொல்லிவிட்டு, அக்காவைப் பார்த்துப் பேசினான். அக்காவுக்கு விளங்காமல் இல்லை. ஆனாலும் என் பக்கம் திரும்பினார்.

“என்ன தம்பி சொல்லுறான் உவன்?”

“அக்கா, கவுன்சிலிலை இருந்து ஒரு மனுசி வரப்போகுதாம். நீங்கள்தான் சுப்பவைசர் எண்டு சொன்னால் காணுமாம்.”

“அப்ப டெரி?”

“அவன் வெளியிலை நிக்கிற கம்பனி வானுக்கை இருப்பானாம்.”

யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

“முதலிலை என்னைச் சுப்பவைசர் ஆக்கச் சொல்லும். ஆக்கிப்போட்டுக் கேட்கட்டும், நான் ஓம் எண்டு சொல்லுறன். அதிலை பொய்யும் இல்லை.”

இதைவிட நியாயமான பேச்சை நான் இந்த நாட்டில் கேட்டதில்லை. ஹாலமிடம் சொன்னேன். அவன் புன்னகைத்தான். அடுத்த வெற்றிடம் பியற்றிஸுக்குத்தான், தன் வாக்கு அது என்றான். பிறகு, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில், கவுன்சிலுக்குத் திருப்தி இல்லாவிட்டால் கொந்தராத்து கைமாறும், புதிதாக வருகிறவன் எல்லோருடைய கடதாசிகளையும் கேட்பான், பார்ப்பான் என்றான். சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டான்.

ஏழு பேரும் அக்காவைச் சூழ்ந்து நின்றோம். கெஞ்சினோம் என்றுதான் சொல்லவேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதால் நான்தான் முன்னுக்கு நின்று கெஞ்சினேன்.

“ஏழு குடும்பம் அக்கா. ஒரு சொல்லுத்தானே.”

“பொய்யைச் சொல்லிப்போட்டு ஞாயிற்றுக்கிழமை எப்பிடித் தம்பி நான் நற்கருணை வாங்கிறது?”

“சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்யுங்கோவன் அக்கா.”

“சைவக்காரன் நீர். என்ரை வேதத்திலை உமக்கு நல்ல பிடிப்புத்தான்” என்றார். பிறகு எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டார். டெரி வயிறு பெருத்தவன். கோட்டு அவருக்கு முழங்கால்வரை தொங்கியது. கோட்டின் கைகளை இரண்டு முறை மடித்துவிட்டார்.

ஒன்பதரைக்கு வந்த அதிகாரியின் பெயர் மிஸிஸ் கோர்டன். கறுப்பினப் பெண், நாற்பது வயதிருக்கும். வந்ததும் ஹாலமை வெளியே போகச் சொன்னார். அக்காவைக் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டுத்தான் தானும் இருந்தார். எத்தனை வருடமாகச் சுப்பவைசர், வேலை எப்படிப் பிரிக்கிறீர்கள், ஒருவர் வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அக்கா எல்லாவற்றுக்கும் தன் அரைகுறை ஆங்கிலத்தில் பதில் சொன்னார். இடையிடையே நான் உதவினேன். ஒரு கேள்விக்கும் தடுமாறவில்லை. ஏன் தடுமாறுவார்? அந்த வேலையைச் செய்கிறவர் அவர்தானே. கொப்பியைக்கூட எடுத்துக் காட்டினார். ‘இரண்டு வருடமாகச் சுப்பவைசர்’ என்ற ஒரு வரியைத் தவிர அவர் சொன்னது அத்தனையும் உண்மை.

கடைசியில் மிஸிஸ் கோர்டன் பேனாவை மூடி வைத்தார். “வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா? நீங்கள் சொன்னதாக யாருக்கும் தெரியவராது” என்றார். அக்கா என்னைப் பார்த்தார். அவர் சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் மாறியிருக்கலாம். அந்த மனுசி நம்பியிருப்பார். அவர் கண்ணிலேயே தெரிந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“நோ மேடம். வெரி குட் கம்பனி” என்றார் அக்கா.

தான் எழுதியதை மிஸிஸ் கோர்டன் வாசித்துக் காட்டினார். அக்கா கையெழுத்து வைத்தார். அதன் ஒரு பிரதி கம்பனிக்கும் போனது. மிஸிஸ் கோர்டன் அவர் கையைப் பிடித்து, உங்களைப் போன்ற ஒருவரை இந்த இடத்தில் காண்பது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா என்றார். தன் தாயும் இப்படித்தான் அலுவலகம் துடைத்தவர், சாகும்வரை யாரும் அவரை ஒரு பதவியில் வைத்ததில்லை என்றார். அக்காவின் கண் கலங்கிவிட்டது. அது வெட்கத்திலா வேறு எதிலா என்று நான் கேட்கவில்லை. பதினொன்றே காலுக்கு அந்த மனுசியின் கார் வெளியே போனது. டெரி வானிலிருந்து இறங்கி வந்து கோட்டைக் கேட்டான்.

சனிக்கிழமை அக்கா பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். ஐரிஷ்காரச் சுவாமியார் அவர் பாவத்தைக் கேட்டுவிட்டு, பரிகாரமாக மூன்று ‘அருள்நிறைந்த மரியே’ மந்திரம் சொல்லச் சொன்னாராம். “ஏழு குடும்பத்துக்கு மூண்டே மூண்டுதான் தம்பி. மலிவு விலை” என்று எங்களுக்குச் சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். எங்களுக்கு அது உண்மையிலேயே மலிவாகத்தான் முடிந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் படிவம் போனது. ஒவ்வொரு வருடமும் சுப்பவைசர்கள் பட்டியலில் பியற்றிஸ் என்ற பெயர் இருந்தது. கவுன்சில் திருப்தி, கம்பனி திருப்தி. ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தார்ப் பண்டிகைக்கு அக்கா ஹாலமிடம் கேட்பார். அடுத்த வெற்றிடம் உனக்குத்தான் என்பான். கல்லில் நார் உரிக்கப் பார்க்கிறீர்கள் என்று நான் ஒருமுறை சொன்னேன்.

“கூடத் தரப்போற சம்பளம் பெரிசில்லைத் தம்பி” என்றார். “அங்கை பதினொரு பேர் என்னைக் கேட்டுத்தான் நடந்தவை. இஞ்சை நான் எல்லாத்தையும் செய்துபோட்டு நிக்கிறன், டெரி விரலைச் சொடுக்கிக் கூப்பிடுறான். நாய்க்குட்டியைக் கூப்பிடுறமாதிரி. நான் சாக முந்தி ஒருக்கா அந்தப் பேரோடை நிண்டு காட்டவேணும். அதுக்குத்தான்.”

எண்பத்தெட்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. முதலாவது, எனக்கு விசா கிடைத்தது. நிரந்தரம் இல்லை, சில வருடத்துக்கு ஒருமுறை குரோய்டனுக்குப் போய்ப் புதுப்பிக்கவேண்டும். ஆனால் என் சொந்தப் பெயரில் என் சொந்த நம்பர். ஒரு வெள்ளிக்கிழமை யோகராஜா பெல்விக் கம்பனியிலிருந்து விலகினார். அடுத்த திங்கள், ஒக்டோபர் மூன்றாம் தேதி, கனகலிங்கம் என்ற புதிய தொழிலாளி வேலைக்குச் சேர்ந்தார். ஹாலம் வெள்ளிக்கிழமை யோகராஜாவுக்குக் கைகொடுத்து வாழ்த்தி அனுப்பினான். திங்கட்கிழமை எனக்குக் கைகொடுத்து வரவேற்றான். இரண்டு நாளும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் நின்றான். அக்கா எல்லோருக்கும் கேக் வாங்கிக்கொண்டு வந்து, “இண்டைக்கு இவருக்கு ஞானஸ்நானம்” என்றார்.

இரண்டாவது, சட்டம் மாறியது. கவுன்சில்கள் கொந்தராத்துக்காரரை இப்படியெல்லாம் தோண்டித் துருவக்கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது. இனத்தைப் பற்றி மட்டும், அனுமதிக்கப்பட்ட ஆறு கேள்விகள் கேட்கலாம். பெண்களைப் பற்றி ஒன்றும் கேட்கமுடியாது. மிஸிஸ் கோர்டனின் பிரிவு சுருங்கி ஒரு மேசையானது. அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம்.

அந்த நத்தாரோடு டெரி வேலையை விட்டான். லண்டனுக்கு வெளியே கெண்டில் யாரோ சொந்தக்காரனுடைய மதுக்கடையைப் பார்த்துக்கொள்ளப் போனான். மூன்று வருடமாகச் சொல்லிவந்த அந்த அடுத்த வெற்றிடம் கடைசியில் வந்தேவிட்டது. அக்கா அந்த வாரம் தலைமுடியை வெட்டிச் சீராக்கிக்கொண்டு, புதுச் சப்பாத்து வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார்.

ஹாலம் என்னைத்தான் கூப்பிட்டான்.

வளைத்துப் பேசவில்லை. கொந்தராத்து வசந்தத்தில் புதுப்பிக்க வருகிறது, சிறுபான்மை இனத்தவர் ஒருவர் மேலே இருந்தால் நல்லது, நீ வான் ஓட்டுவாய், இங்கிலீஷ் பேசுவாய் என்றான். “பியற்றிஸ்?” என்று கேட்டேன். கேட்டேன் என்பதை எழுதிவைக்க விரும்புகிறேன். என் பக்கத்தில் எழுத வேறு அதிகம் இல்லை. “அந்தக் கேள்வியை இப்போது அவர்கள் கேட்பதில்லை” என்றான். அக்காவிடம் அவனுக்குப் பயன்பட்டவை இரண்டு: நிறத்தவர், பெண். ஒன்று செல்லாக்காசாகிவிட்டது. மற்றது என்னிடமும் இருந்தது, லைசன்ஸும் இருந்தது.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் யோசிக்கிறேன் என்றேன். ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. மனைவி வசந்தமலர் கொழும்பிலிருந்து வந்து இரண்டு மாதம்தான். கிங்ஸ்பரியில் ஒரு வீடு பார்த்திருந்தோம். காரணம் தேடுகிறவனுக்குக் காரணம் கிடைக்காமல் போனதுண்டா?

அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திங்கட்கிழமை காலை நீலக் கோட்டோடு நிலவறைக்குள் போனேன். அக்கா கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“உது டெரியின்ரை கோட்டெல்லோ?”

“இல்லை அக்கா. புதுசு. ஹாலம் தந்தவன்.”

“உமக்கு அளவாய்த்தான் இருக்கு” என்றார். கொப்பியை மூடி என் கையில் தந்துவிட்டு, மொப்பையும் வாளியையும் எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனார்.

மற்றத் தமிழர்கள் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். எங்கடை ஆள் ஒருத்தன் மேலே வந்திட்டான் என்றார்கள். அக்காவும் எங்கடை ஆள்தான் என்பது அன்றைக்கு ஒருவருக்கும் நினைவு வரவில்லை. ஆற்றைக் கடக்கும்வரைதான் அண்ணன் தம்பி.

அவர் அழுதுகொண்டு கிடக்கவில்லை. இலவசமாகச் சட்ட உதவி செய்கிற நிலையம் ஒன்றைத் தேடிப் போனார். பெண் என்பதால் பதவி மறுக்கப்பட்டது என்று, வேலைத்தல வழக்குகளை விசாரிக்கிற ட்ரிபியூனலில் வழக்குப் போட்டார். கவுன்சில் கேட்காவிட்டாலும் அந்தச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருந்தது. ஆனால் கம்பனியிடம் ஒரு பதில் தயாராக இருந்தது: பியற்றிஸ் எண்பத்தைந்திலேயே சுப்பவைசர், இதோ அவர் கையெழுத்து, எண்பத்தேழில் உடம்பு முடியவில்லை என்று தானாகவே அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார், அப்படிப்பட்டவரை நாங்கள் எப்படி ஒதுக்கியிருப்போம்? அந்தக் கம்பனியின் சம்பளச் சீட்டில் பதவி எழுதுகிற வழக்கமே கிடையாது. எனவே அதைப் பொய் என்று காட்ட, அந்த வியாழக்கிழமை நடந்ததை நேரில் கண்ட ஒருவர் வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். வசந்தமலர் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை.

“உம்மடை வேலையை நான் கேட்கேல்லை. அதை நீர் வைச்சிரும். அண்டைக்கு நடந்ததை மட்டும் வந்து சொல்லும். மற்ற ஆறு பேரிட்டையும் கேட்டுட்டன். ஒருத்தருக்கும் ஏலாதாம்.”

“நான் வாறன் அக்கா” என்றேன்.

அவர் போனதும் வசந்தமலர் கதவடியில் நின்று கேட்டாள். “அண்டைக்கு நீங்கள் ஆரின்ரை பேரிலை நிண்டனீங்கள் எண்டு கேட்டால் என்ன சொல்லப்போறியள்? குரோய்டனிலை பைல் இன்னும் மூடேல்லை. பிள்ளையும் வரப்போகுது.” அதைக் கேட்கமாட்டார்கள் என்று அவளிடம் சொன்னேன். ஹாலமும் அந்தக் களவில் பங்காளி, அவன் எப்படி அதைக் கிளப்புவான் என்று எனக்கு நானே கணக்குப் பார்த்துக்கொண்டேன்.

எண்பத்தொன்பது புரட்டாதியில் விசாரணை. கோர்ட் மாதிரி இல்லை. சாதாரண அலுவலக அறை. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். டெரி கெண்டிலிருந்து கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தான். பியற்றிஸ் அருமையான சுப்பவைசர், அவர் விலகியபோது தனக்கு மனவருத்தம் என்றான். பிறகு அக்காவின் முன்னால் அந்தப் பழைய தாளை வைத்தார்கள். இது உங்கள் கையெழுத்தா? ஓம். இதில் உள்ளதை வாசித்துக் காட்டினார்களா? ஓம். இப்போது நீங்கள் சுப்பவைசராக இருந்ததே இல்லை என்கிறீர்கள். அப்படியானால் கவுன்சில் அதிகாரியிடம் பொய் சொன்னீர்களா?

“ஓம், பொய்” என்றார்.

“யாருக்காக?” என்று நடுவில் இருந்தவர் கேட்டார். அவர் குரலில் இரக்கம் இருந்தது. உண்மையான பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்டார். ஏழு பேருக்காக, அவர்களில் ஒருவன் இதோ இருக்கிறான் என்று அக்கா சொல்லியிருந்தால் அந்த மூன்று பேரும் நம்பியிருப்பார்கள். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

“என்ரை வேலைக்காகத்தான் சேர்” என்றார். அதை மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார். மூன்று பேரும் எழுதிக்கொண்டார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் கெட்டது எங்கள் வாய்க்காக.

என்னைக் கூப்பிட்டார்கள். பகவத்கீதையில் கை வைத்து உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்தேன். அக்காவுக்காக வாதாடிய சட்ட நிலையத்துப் பெண் கேட்டார்: எண்பத்தைந்து ஒக்டோபரில் அந்தக் கட்டடத்தில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். நான், அன்றைக்குக் காலை ஆறரை மணி இருக்கும் என்று தொடங்கினேன். கம்பனியின் வக்கீல் எழுந்தான். இளம் பெடியன். ஒரு விளக்கம் மட்டும் தேவை என்றான். கம்பனிப் பதிவேட்டைக் கையில் வைத்திருந்தான்.

“திரு. கனகலிங்கம், நீங்கள் பெல்விக் கம்பனியில் எப்போது சேர்ந்தீர்கள்?”

பின்வரிசையில் ஹாலம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னை மிரட்டவேண்டிய தேவை அவனுக்கு இருக்கவில்லை. நான் என்ன சொல்வேன் என்று என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

“எண்பத்தெட்டு, ஒக்டோபர் மூன்று.”

“அதற்கு முன்பு இந்தக் கம்பனியில் வேலை செய்திருக்கிறீர்களா?”

அப்போதுதான் அக்கா என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. நிலவறையில் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாரே, அதே பார்வை. எனக்குக் குரோய்டன் கட்டடம் தெரிந்தது. வசந்தமலரின் வயிறு தெரிந்தது. உண்மை சொன்னால் என்ன நடந்திருக்கும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒன்றும் நடக்காமலே போயிருக்கலாம்.

“இல்லை” என்றேன்.

“அப்படியானால் எண்பத்தைந்தில் நடந்தது உங்களுக்கு நேரடியாகத் தெரியாது.”

“தெரியாது.”

வழக்குத் தள்ளுபடியானது. விண்ணப்பதாரரின் சாட்சியம் நம்பத்தக்கதாக இல்லை என்று தீர்ப்பில் எழுதினார்கள். வெளியே பெனடிக்ற் அண்ணை இரவு வேலை முடிந்து தூங்காத கண்ணோடு நின்றார். அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு என்னைக் கடந்து போனார். இரண்டு மாதத்தில் கம்பனி அவரை நகரத்தின் மறுகோடியில் ஒரு பஸ் டிப்போவுக்கு மாற்றியது. முதல் பஸ் பிடித்தாலும் நேரத்துக்குப் போய்ச்சேர முடியாத இடம். அவர் வேலையை விட்டார். பிறகு ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கிற வேலை கிடைத்தது. அவரைவிட இருபது வயது குறைந்த ஒருத்தியின் கீழ். நான் ஏழு வருடம் சுப்பவைசராக இருந்தேன். கொந்தராத்து புதுப்பிக்கும்போதெல்லாம் ஆறு கேள்விகளுக்கும் பதில் போகும். சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த சுப்பவைசர்கள் எத்தனை பேர்? ஒருவர். கவுன்சில் திருப்தி.

தொண்ணூற்று நான்கில் கிங்ஸ்பரியில் ஒரு கல்யாண வரவேற்பு. பொதுவாகத் தெரிந்தவர்கள் என்று எங்களையும் அழைத்திருந்தார்கள். உள்ளே போனதும் அக்காவைக் கண்டுவிட்டேன். நரைத்திருந்தார். மூன்று பெண்களோடு ஒரு மேசையில் இருந்தார். நான் தூண் பக்கமாக ஒதுங்கிப் போகப் பார்த்தேன்.

“தம்பி, இஞ்சை வாரும்” என்று கூப்பிட்டார். ஐந்து வருடத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை. போனேன். மன்னித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

“இவர் கனகலிங்கம்” என்று அந்தப் பெண்களுக்குச் சொன்னார். “கவுன்சில் கட்டடத்திலை சுப்பவைசர்.”

“அங்கைதானே அக்கா நீங்களும் வேலை செய்தனீங்கள்?” என்றாள் ஒருத்தி. “அப்ப துவக்கத்திலை ரெண்டு பேரும் ஒண்டாய்த்தான் நிண்டனீங்களோ?”

“இல்லைப் பிள்ளை. இவர் எண்பத்தெட்டிலைதான் வந்தவர். அதுக்கு முந்தி அங்கை நடந்த ஒண்டும் இவருக்குத் தெரியாது.” என் முகத்தை நேரே பார்த்தார். “அப்பிடித்தானே தம்பி?”

மேசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வசந்தமலர் என் பக்கத்தில் மகளைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அந்த இடத்தில் குரோய்டன்காரன் யாரும் இல்லை, வக்கீல் இல்லை, ஹாலம் இல்லை.

“ஓம் அக்கா” என்றேன்.